அபர்வான், 1966: யார் பொறுப்பிலும் இல்லாத கழிவு மேடு

1966 என்றதும் பிரிட்டனில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது கால்பந்து. ஜூலை 30 அன்று வெம்ப்ளி மைதானத்தில் மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று இங்கிலாந்து உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த நாட்டு ஆண்கள் அணி வென்ற ஒரே உலகக் கோப்பை அதுதான்.

ஆனால் வேல்ஸில் அந்த ஆண்டுக்கு ஒரே பெயர்தான்: அபர்வான். அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை 9.15 மணிக்கு மலைச்சரிவில் இருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பேன்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலானோர் 7 முதல் 10 வயதுக்குள் இருந்தவர்கள்.

இதை இயற்கைப் பேரிடர்களின் பட்டியலில் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. கனமழை பெய்தது உண்மை. ஆனால் அந்த மேட்டை அங்கே வைத்தது மழை அல்ல. ஆபத்து எழுத்தில் இருந்தது, வாய்மொழியாகவும் சொல்லப்பட்டது, சரிந்த முன்னுதாரணங்களும் கண்முன் கிடந்தன. இத்தனைக்குப் பிறகும் அது விழுந்ததற்குக் காரணம், அந்த மேட்டைக் கவனிப்பது தன் வேலை என்று எண்ணிய ஓர் ஆள்கூட, சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி வாரியம் என்ற அந்தப் பெரிய அரசு நிறுவனத்தில் இல்லாததுதான். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

மேடு உருவான விதம்

அபர்வான், டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மெர்தர் டிட்ஃபில் நகருக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர். ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த மெர்தர் வேல் சுரங்கம் 1869இல் தோண்டத் தொடங்கப்பட்டது. ஊரே அந்தச் சுரங்கத்தால் உருவானது. நிலக்கரியை வெட்டும்போது கூடவே கல்லும் மண்ணும் மேலே வரும். தொடக்க காலத்தில் அவற்றைப் பள்ளத்தாக்கின் அடியிலேயே கொட்டினார்கள். இடம் தீர்ந்ததும் ஊருக்கு மேலே இருந்த மலைச்சரிவுக்குக் கழிவு ஏறியது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மேடுகள் எழுந்தன.

ஏழாவது மேடு 1958இல் தொடங்கியது. சுரங்க மேலாளரும் ஓர் இயந்திரப் பொறியாளரும் மலையில் நடந்து பார்த்து இடத்தைத் தேர்ந்தார்கள். நில ஆய்வு இல்லை. வரைபடத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்தில் நீரூற்றும் ஓடையும் குறிக்கப்பட்டிருப்பது தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, 1944இல் சரிந்த நான்காவது மேட்டின் எச்சங்கள் மேலேயே புதிய மேட்டின் ஒரு பகுதி அமைந்தது. சரிந்த மண்ணின் மேல், ஓடும் நீரின் மேல், ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர் மேலே!

1966 வாக்கில் அதன் உயரம் 111 அடி, அதாவது 34 மீட்டர். சுமார் 2,97,000 கன கெஜம் கழிவு அதில் இருந்தது. அதில் ஏறத்தாழ 30,000 கன கெஜம் நுண்கழிவு. இந்த நுண்கழிவைச் சற்று விளக்க வேண்டும். நிலக்கரியை வேதிப் பொருள் கலந்து கழுவிப் பிரிக்கும்போது மிஞ்சுவது மாவு போன்ற மிக நுண்ணிய துகள். காய்ந்திருக்கும்போது அது மண்போலத்தான் கிடக்கும். நீர் ஏறிவிட்டால் துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பை நீரழுத்தம் தளர்த்திவிடும். ஓர் அளவுக்கு மேல் போனால், மேடாக நிற்கும் பொருள் சில நொடிகளில் குழம்பாக மாறி ஓடத் தொடங்கும். சாதாரண மண்சரிவு கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். இப்படி நீர்மமாக மாறியது நிற்காது. சரிவு எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும்.

மேட்டின் அடியில் ஊற்று, நடுவில் நுண்கழிவு. அக்டோபர் முதல் மூன்று வாரத்தில் ஆறரை அங்குல மழை.

அந்தக் காலை

காலை ஏழரை மணி அளவில் மேட்டின் உச்சிக்கு வேலைக்குப் போனவர்கள், இரவோடிரவாக உச்சி சுமார் 3 மீட்டர் உள்வாங்கியிருப்பதைக் கண்டார்கள். கழிவு வண்டி ஓடும் தண்டவாளத்தின் ஒரு பகுதி குழிக்குள் விழுந்திருந்தது. தொலைபேசிக் கம்பி திருடு போயிருந்ததால் ஒருவர் மலையிறங்கிப் போய்ச் சொன்னார். இன்று கொட்ட வேண்டாம், அடுத்த வாரம் புதிய இடம் பார்க்கலாம் என்ற பதிலோடு அவர் திரும்பியபோது உள்வாங்கல் இரட்டிப்பாகி 6 மீட்டரை எட்டியிருந்தது. கம்பி இருந்திருந்தால் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாமே என்று அன்று பலரும் நினைத்தார்கள். விபத்தை ஆராயப் பின்னர் அரசு அமைத்த விசாரணை ஆணையம் அதை ஆராய்ந்து, தொலைபேசி வேலை செய்திருந்தாலும் அதற்குள் அழைத்து எச்சரிக்க நேரம் இருந்திருக்காது என்றே முடிவு செய்தது. திருடனைக் கைகாட்டி வாரியம் தப்பிக்க வழி இல்லை.

பள்ளத்தாக்கில் அடர்ந்த பனிமூட்டம், மலையுச்சியில் வெயில். உச்சியில் இருந்தவர்களுக்குக் கீழே ஊர் தெரியவில்லை, ஊரில் இருந்தவர்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் அது. நண்பகலோடு பள்ளி முடிந்திருக்கும். பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. ஜெட் விமானம் தாழப் பறப்பது போன்ற இரைச்சல் கேட்டது என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 20 முதல் 30 அடி உயர அலையாக வந்த கழிவு, வழியில் ஒரு பண்ணை வீட்டை அழித்து, பழைய ரயில் பாதையின் கரையைத் தாண்டி, குடிநீர்க் குழாய்களை உடைத்துக்கொண்டு பள்ளிக்குள் புகுந்தது. உடைந்த குழாய்களின் நீரும் சேர்ந்ததில் மீட்புப் பணி இன்னும் கடினமானது. நின்றதும் அந்தக் குழம்பு மறுபடி கெட்டிப்பட்டது. அதனால்தான் புதைந்தவர்களை வெளியே எடுப்பது அவ்வளவு சிரமமாயிற்று.

பள்ளிக்குள் மட்டும் 109 குழந்தைகளும் 5 ஆசிரியர்களும் இறந்தார்கள். உணவுக்கூடப் பணியாளர் நான்சி வில்லியம்ஸ் ஐந்து குழந்தைகளின் மேல் தன் உடலைக் கவிழ்த்து அவர்களைக் காப்பாற்றினார், அவர் பிழைக்கவில்லை. துணைத் தலைமையாசிரியர் டேவிட் பெய்னன் ஐந்து குழந்தைகளை அணைத்தபடி இறந்து கிடந்தார்.

சுரங்கத்துக்குள் வேலையில் இருந்தவர்கள் மேலே அழைத்துவரப்பட்டார்கள். தோண்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளைத் தேடித்தான் தோண்டினார்கள். அவ்வப்போது ஊதல் ஒலிக்கும். எல்லோரும் கையை நிறுத்தி, உள்ளிருந்து குரல் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். காலை 11 மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு மீட்கப்படவில்லை. எல்லா உடல்களையும் எடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. பெத்தானியா தேவாலயம் பிணவறையாயிற்று. பெற்றோர் வரிசையில் நின்று பிள்ளைகளை அடையாளம் காட்டினார்கள்.

எச்சரிக்கைகள்

டாஃப் பள்ளத்தாக்கிலேயே, சில மைல் தெற்கே, 1939 டிசம்பரில் ஒரு மேடு சரிந்து சாலையை மூடி ஆற்றையே திசைதிருப்பியது. அங்கே வீடுகள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சரிவுக்குப் பின் அப்போதைய தனியார் சுரங்க நிறுவனம் தன் பொறியாளர்களுக்காக ஒரு குறிப்பு தயாரித்தது: மேடுகள் ஏன் சரிகின்றன, நீரை எப்படி விலக்குவது என்று. 1947இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாகி தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தபோது அந்த அறிவும் கூடவே வந்தது. ஆனால் வாரியம் அதை விதியாக மாற்றவில்லை. 1965இல் வேறோர் இடத்தில் ஒரு மேடு சரிந்த பிறகு பழைய குறிப்பைத் தேடியெடுத்துச் சுற்றுக்கு விட்டு, எல்லா மேடுகளையும் பார்வையிடச் சொன்னார்கள். அபர்வானில் நடந்த பார்வையிடல் பேருக்கு நடந்தது.

ஊரிலும் 1944இல் நான்காவது மேடு சரிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1963இல் ஏழாவது மேடே ஒருமுறை சரிந்தது. அதே ஆண்டு மெர்தர் நகராட்சிப் பொறியாளர் எழுதிய கடிதத்தின் தலைப்பு, பேன்ட்கிளாஸ் பள்ளிகளுக்குப் பின்னால் கொட்டப்படும் நிலக்கரிக் குழம்பால் ஆபத்து என்பது. குழம்பு இவ்வளவு நீர்த்தும் சரிவு இவ்வளவு செங்குத்தாகவும் இருக்கையில், குளிர்காலத்திலோ கனமழையிலோ அது இடத்தில் நிற்கவே முடியாது என்று அவர் எழுதினார். பள்ளியின் பெயரையே தலைப்பில் வைத்த கடிதம் அது! வாரியத்தோடு கொஞ்ச காலம் கடிதப் போக்குவரத்து நடந்து, பிறகு ஓய்ந்துவிட்டது. 1964இல் நகராட்சி உறுப்பினர் க்வினெத் வில்லியம்ஸ், மேடு நகர்ந்தால் பள்ளி முழுவதற்கும் ஆபத்து என்று கூட்டத்தில் பேசினார். பள்ளியைச் சுற்றிக் கறுப்பு வெள்ளம் தேங்குவதைப் பற்றி 1965இல் தாய்மார்கள் மனு கொடுத்தார்கள்.

ஊர் ஏன் இன்னும் உரக்கக் கத்தவில்லை என்று கேட்பவர்கள், அது சுரங்கங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கழிவைக் கொட்ட இடமில்லை என்றால் சுரங்கத்தையே மூடுவோம் என்று யாரும் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. அந்த அச்சம் எல்லோர் மனத்திலும் இருந்தது. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸ், மேடு சரியலாம் என்ற சந்தேகம் தனக்கு இருந்ததாகவும், அதைக் கிளப்பினால் சுரங்கம் மூடப்படும் என்று பயந்ததாகவும் ஆணையத்தின் முன் சாட்சியத்திலேயே சொன்னார். பிழைப்பையும் பிள்ளைகளையும் தராசின் இரு தட்டில் வைக்கும் நிலைக்கு ஓர் ஊரைத் தள்ளிய பிறகு, அந்த ஊரையே குறைசொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாரியத்துக்குள் நடந்தது வேறு. சுரங்கப் பொறியாளர்களின் கவனமெல்லாம் பூமிக்கு அடியில் இருந்தது. கழிவை மேலே ஏற்றும் கம்பிவடமும் பாரந்தூக்கியும் இயந்திரங்கள் என்பதால், மேடுகள் இயந்திரப் பொறியாளர்களின் பொறுப்பில் விடப்பட்டன. வடம் அறுந்தால் அவர்களுக்குத் தெரியும். மண் என்ன செய்யும் என்று தெரியாது. மண்ணை அறிந்த கட்டுமானப் பொறியாளர்களை யாரும் கேட்கவில்லை. வட்டார அலுவலகமும் தலைமையும் மேடுகள் பற்றி எந்தக் கொள்கையும் வகுக்கவில்லை. சட்டமும் துணை நிற்கவில்லை: 1954ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் மேடுகளின் உறுதி பற்றி எதுவும் இல்லை. சுரங்கத்துக்குள் ஒரு கல் விழுந்தாலும் விதி இருந்தது. வெளியே ஒரு மலையே எழுந்தாலும் விதி இல்லை. இப்படியிருக்கும்போது நகராட்சியின் கடிதம் எந்த மேசைக்குப் போயிருந்தாலும், அது அந்த மேசைக்குரிய கடிதமாக இருந்திருக்காது.

விசாரணை

விபத்து நடந்த அன்று வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு அபர்வானுக்கு வரவில்லை. சர்ரே பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பொறுப்பேற்கும் விழாவுக்குப் போனார். மறுநாள் மாலைதான் ஊருக்கு வந்தார். இதற்கிடையே, அவர் நேரில் நின்று மீட்புப் பணியை நடத்துவதாக வேல்ஸ் அமைச்சரிடம் வாரிய அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். வந்த பிறகு, மேட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாத இயற்கை ஊற்றுகள் இருந்ததே காரணம் என்று தொலைக்காட்சிக்குச் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஊற்றுகள் அவை. அரசி எலிசபெத் எட்டு நாள் கழித்து வந்தார்.

அக்டோபர் 24 அன்று நடந்த பிண விசாரணையில் ஒரு குழந்தையின் பெயரும், மூச்சுத்திணறலும் காயங்களும் என்று மரணக் காரணமும் வாசிக்கப்பட்டபோது தந்தை எழுந்து மறுத்தார். தேசிய நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது, பதிவில் அதைத்தான் பார்க்க விரும்புகிறேன் என்றார்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த ஆணையம் 76 நாட்கள் அமர்ந்து 136 சாட்சிகளைக் கேட்டது. வாரியம் தொடக்கம் முதலே பொறுப்பை மறுத்தது. வெகு நாட்கள் கழித்துக் கூண்டில் ஏறிய ராபன்ஸ், வாரியத்தின் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய பதில்கள் முன்னுக்குப் பின் முரணாக இருந்ததால், அவர் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வாரியத்தின் வழக்கறிஞரே ஆணையத்தைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

1967 ஆகஸ்ட் 3 அன்று வெளியான அறிக்கை, பழி நிலக்கரி வாரியத்தையே சாரும் என்று தீர்த்துச் சொன்னது. தங்களுக்குச் சற்றும் தகுதியில்லாத பணிகள் ஒப்படைக்கப்பட்ட பலரின் திறமையின்மை, தெளிவான எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமை, மேலிருந்து வழிகாட்டல் அறவே இல்லாமை ஆகியவற்றின் கதை இது என்று அது எழுதியது. காரணமானவர்கள் கொடியவர்கள் அல்லர், அறியாமையாலும் மடமையாலும் வழிதவறிய நல்ல மனிதர்கள் என்றும் குறிப்பிட்டது. அந்த வரி நியாயமானது என்றே நினைக்கிறேன். அதே சமயம், கொடுமை செய்யும் எண்ணம் இல்லாமலேயே 116 குழந்தைகளைக் கொல்ல ஓர் அமைப்பால் முடியும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

ஒன்பது பேரை அறிக்கை பெயர் சொல்லிக் குறை கூறியது. ஒருவர்மீதும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை. ராபன்ஸ் பதவி விலக முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. சுரங்கங்களை மூடிக்கொண்டிருந்த காலத்தில் தொழிற்சங்கங்களோடு பேசத் தெரிந்த அவர் அரசுக்குத் தேவைப்பட்டார். 1971 வரை பதவியில் இருந்தார். அதற்கு முன்பே, பணியிடப் பாதுகாப்புச் சட்டங்களை ஆராயும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்து பிறந்தது. சட்டம் நல்ல சட்டம். அபர்வானின் பெற்றோருக்கு அந்த நியமனம் எப்படிப் பட்டிருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

பணம்

இந்த நிகழ்வை ஆராய்கிறவர்களில் பலர் ஆணைய அறிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகள்தான் அதிகம் உறுத்துகின்றன.

இறந்த ஒவ்வொருவருக்கும் வாரியம் கொடுத்த இழப்பீடு 500 பவுண்டு. பொதுமக்கள் திரட்டிய நிதி வேறு. உலகெங்கிலுமிருந்து வந்த சுமார் 90,000 நன்கொடைகள் சேர்ந்து கடைசியில் 17.5 லட்சம் பவுண்டு ஆனது. அறக்கட்டளைகளை மேற்பார்க்கும் ஆணையம் அந்த நிதியைச் செலவிடவும் தடைகள் போட்டது. பெற்றோருக்கு ஒரே அளவில் பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொருவரும் தம் பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள், மனத்தளவில் பாதிக்கப்பட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்! நிதியை நடத்தியவர்கள் கடைசியில் பிள்ளையை இழந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 5,000 பவுண்டு கொடுத்தார்கள்.

ஏழாவது மேடு சரிந்த பிறகும் மற்ற மேடுகள் ஊருக்கு மேலே நின்றன. அவற்றை அகற்றுங்கள் என்று ஊர் கேட்டது. அவை பாதுகாப்பானவை, அகற்றினால் செலவு அதிகம் என்று பதில் வந்தது. 1968இல் ஊர்மக்கள் கார்டிஃபில் வேல்ஸ் அமைச்சரின் அலுவலகத்துக்குள் சுரங்கக் கழிவைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதன் பிறகுதான் அரசு இறங்கிவந்தது. மொத்தச் செலவு 8,50,000 பவுண்டு. அதில் 1,50,000 பவுண்டை நிவாரண நிதியிலிருந்து தரும்படி அரசு கேட்டு வாங்கியது. பிள்ளைகளைக் கொன்ற கழிவை அள்ள, அந்தப் பிள்ளைகளின் பெயரில் உலகம் கொடுத்த காசு! வாரியத்தின் மேடு, வாரியத்தின் குற்றம் என்று அரசின் ஆணையமே தீர்ப்பளித்து ஓராண்டு ஆகியிருந்தது.

அந்தத் தொகையை 1997இல் வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ் திருப்பிக் கொடுத்தார். அதே 1,50,000 பவுண்டு, வட்டி இல்லாமல். இருபத்தொன்பது ஆண்டுகளில் பவுண்டின் மதிப்பு பலமடங்கு குறைந்திருந்தது. 2007இல் வேல்ஸ் அரசு 15 லட்சம் பவுண்டை அபர்வான் நினைவு அறக்கட்டளைக்கும் 5 லட்சத்தை ஊரின் கல்வி அறக்கட்டளைக்கும் அளித்தது. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள்.

உயிர் பிழைத்த பிள்ளைகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆராய்ந்த மருத்துவ ஆய்வு 2003இல் வெளியானது. ஆராயப்பட்டவர்களில் 29 சதவீதத்தினர் அப்போதும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்போடு வாழ்ந்தார்கள். 1966இல் அவர்களுக்குக் கிடைத்த மனநல உதவி மிகச் சொற்பம்.

மேடுகளுக்கான சட்டம்

1969இல் நாடாளுமன்றம் சுரங்கக் கழிவு மேடுகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. முக்கியமாக இயங்கும் சுரங்கங்களின் மேடுகளை அது ஒழுங்குபடுத்தியது. மெர்தர் வேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. தென் வேல்ஸின் மற்ற சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேடுகள் மட்டும் அங்கேயே நின்றன. கைவிடப்பட்ட மேட்டுக்கு யார் பொறுப்பு என்ற பழைய கேள்வி புதிய வடிவில் திரும்பியது.

2020 பிப்ரவரியில், டெனிஸ் புயலின் மழைக்குப் பிறகு, தென் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு பழைய மேடு சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. யாரும் இறக்கவில்லை. வேல்ஸ் அரசு கணக்கெடுக்கத் தொடங்கியபோது 2,000க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட நிலக்கரி மேடுகள் பதிவாயின. அவற்றில் சில நூறு, வீடுகளுக்கோ சாலைகளுக்கோ ஆபத்து தரக்கூடிய வகையில் வைக்கப்பட்டன. 2025இல் வேல்ஸ் நாடாளுமன்றம் அவற்றுக்கெனச் சட்டம் இயற்றியது. மேடுகளைப் பதிவு செய்வது, கண்காணிப்பது, சரியாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓர் அமைப்பை அந்தச் சட்டம் நிறுவுகிறது.